சிற்றினம் தெரியவில்லை

முத்தியால்பேட்டை
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சொல்லாமல் விட்டது இது: நீ எழுதிய பெயரை நான் அழித்துவிட்டேன்.

ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கருங்காலி நாலு தாளும் உங்க செடிக் காப்பகத்துல ஏறிடுச்சா?" என்று கேட்டாய். ஏறிவிட்டது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் செடி ஒட்டிய நாலு தாளின் மூலையிலும் நீ பென்சிலால் எழுதியிருந்த பெயரை முந்தின நாளே ரப்பரால் எடுத்திருந்தேன். இலைக்காம்பும் பூவின் அடியில் இருக்கும் கிண்ணமும் கருங்காலிக்கு ஒத்துவரவில்லை. டயோஸ்பைரஸ் பேரினம்தான், கருங்காலிக்குப் பங்காளிதான். ஆனால் கருங்காலி இல்லை. போன வருடம் நீ மலையில் சேகரித்துக் கொண்டுவந்த நாலுமே ஆண் பூ. இந்தப் பேரினத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் பூவோ காயோ பார்க்காமல் பெயர் வைத்தால் அது வெறும் ஊகம். அதனால் லேபிளில் 'டயோஸ்பைரஸ், சிற்றினம் தெரியவில்லை' என்று எழுதினேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வரவில்லை.

அம்மா நலம், முட்டியைத் தவிர. பெரிய ஆஸ்பத்திரியில் மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள். அப்படிச் சொன்ன டாக்டர் உட்காரும் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஓடவில்லை.

பெண் மரத்தைத் தேடு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் தங்கை
கார்குழலி


வெண்பாறை முகாம்
14 பிப்ரவரி

குழலிக்கு,

நல்லா இருக்கேன். உண்ணி கடிச்ச எடம்தான் அரிக்குது. அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, சொன்னா கேக்கமாட்டாங்க, நீயே பிடிச்சு உக்கார வெச்சுக் குடு.

அழிச்சுட்டியா? நல்லது. ஒரு வருஷமா கருங்காலி கண்டுபுடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன். இனிமே 'ஏதோ ஒரு மரம்'னு சொல்லணும்.

அம்மாவாசை அண்ணன்கிட்ட சொன்னேன். மலையில எனக்கு வழி காட்டறவர், தெரியும்ல. சிரிச்சார். "தெரியலன்னே எழுதி வெச்சுதா உன் தங்கச்சி? நேர்மையான பொண்ணு. நாங்களும் அதுக்குப் பேரு வெக்கல. அந்தப் பக்கம்னுதான் சொல்லுவோம்"ன்னார். மொத்தம் ஒன்பது மரம். அதுல ரெண்டுல இதுவரைக்கும் ஆண் பூ பார்த்ததே இல்லையாம். அது பொண்ணா இருக்கலாம். சித்திரையில பாப்போம்.

ஒரு விஷயம். ஒரு வருஷம் கூடவே நடக்கவிட்டுப் பார்த்துட்டுதான் அந்த எடத்தை எனக்குக் காட்டினார். கழுத்துல போடற மாலைக்குக் கருங்காலின்னு கீழ இருக்கறவங்க வேரைக்கூட விடறதில்ல. இதுவும் உள்ள கறுப்புதான். யாருக்கும் சொல்லமாட்டேன்னு அவர் கையில அடிச்சுக் குடுத்திருக்கேன். ஆனா நம்ம லேபிள்ல எடத்தோட ஜி.பி.எஸ். நம்பர் இருக்கு. அது வெளிய போவாதில்ல? அவரே கேக்கச் சொன்னார். உன் வாயால வரட்டும்.

அண்ணன்
நெடுமாறன்


முத்தியால்பேட்டை
8 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமானதற்கு நான் காரணமில்லை. மலையிலிருந்து வரும் எந்தச் செடிக் கட்டும் பூச்சி சாகப் பத்து நாள் ஃப்ரீஸரில் இருந்துதான் உள்ளே வரவேண்டும். நீ கடிதத்தைக் கட்டின் மேலட்டைக்கு அடியில் செருகுகிறாய். அதுவும் சேர்ந்து விறைக்கிறது. உன் உண்ணிக்கடி எனக்கு மார்ச்சில்தான் தெரிந்தது. ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அம்மாவாசை அண்ணனிடம் சொல். வெளியே போகாது. அழிந்துகொண்டிருக்கும் மரங்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் இணையதளம் மாவட்டத்தை மட்டும்தான் காட்டும், நம்பரை மறைத்துவிடும். தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிற ஃபஹீமைக் கேட்டேன். கருங்காலித் தாள் ஒன்றைத் திரையில் திறந்து காட்டினான். மாவட்டம், அவ்வளவுதான். "இன்னா குழலி, பூட்டி சாவியக் கடல்ல போட்டாச்சு. என் போன் பாஸ்வேர்டை எங்க வீட்டம்மா கண்டுபுடிச்சாலும் இதைக் கண்டுபுடிக்க முடியாது" என்றான். அவன் மனைவி அரீபா அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டதாக எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

அம்மா கோயில் வாசல் கடையில் கருங்காலி மாலை ஒன்று வாங்கி வந்தார், முட்டி வலிக்கு. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், சாயம் இறங்கியது. சொன்னால் மனம் நோகும் என்று துடைத்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

குழலி


வெண்பாறை
19 ஏப்ரல்

குழலி,

எல்லாரும் சுகமா? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது, ஆனா எனக்கு ஒண்ணும் தெரியல. பொண்ணு மரம் கெடச்சுடுச்சு. அம்மாவாசை அண்ணன் சொன்ன அதே ரெண்டுதான். பூவை அனுப்பியிருக்கேன், ஃப்ரீஸர்லேர்ந்து வந்ததும் பாரு. ஒரு மரத்துல காய் பிடிச்சுக்கிச்சு. எண்ணிட்டேன், பதினொண்ணு. இன்னொண்ணுல ஒண்ணுமில்ல.

அண்ணன் தெனமும் போய்ப் பாக்கறார். குரங்கு வராம இருக்க முள்ளு வெட்டி அடிமரத்தைச் சுத்திக் கட்டியிருக்கார். "எம்பொண்ணு மாலா பொறந்தப்பகூட நான் இப்படிக் காவல் காக்கல"ன்றார். பழுக்க ஆனி ஆகுமாம்.

நீ சொன்னதை அவர்கிட்ட சொல்லிட்டேன், எடம் வெளிய போவாதுன்னு. "பாத்தியா, நான்தான் நேர்மையான பொண்ணுன்னு சொன்னேனே"ன்னார்.

அண்ணன்


முத்தியால்பேட்டை
11 மே

அன்புள்ள அண்ணனுக்கு,

பூவைப் பார்த்தேன். லென்ஸை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். இது யாரும் எழுதாத மரமாக இருக்கலாம். இப்போதைக்கு இந்த வரியை உன்னோடு வைத்துக்கொள்.

அமிர்தவல்லி மேடத்திடம் போனேன். எங்கள் தலைவரின் சுபாவம் உனக்குத் தெரியும். நாலு தாளையும் விரித்து, இதை இப்போதே அழியும் மரங்களின் பட்டியலில் தற்காலிகமாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார். "பேரே இல்லாத மரத்துக்கு எந்தப் பட்டியல்ல எடம் கேக்கற? காய் வரட்டும், பாக்கலாம். ஜூலையில உன் காண்ட்ராக்ட் ஃபைல் வேற வருது, அந்த வேலையை முடி" என்றார்.

பட்டியலில் சேர்க்கப் பெயர் வேண்டும். பெயர் வைக்கக் காய் வேண்டும். காய் பழுக்க மரம் நிற்க வேண்டும். மரம் நிற்கப் பட்டியல் வேண்டும். இதை மேடத்திடம் சொல்லவில்லை. படியிறங்கும்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அம்மா பரவாயில்லை. தேங்காய்த்திட்டு வரை போய் மீன் வாங்கி வரும் அளவுக்கு நடக்கிறார். உனக்காகச் சங்கரா கருவாடு போட்டு வைத்திருக்கிறார். எப்போது இறங்குவாய்?

குழலி


வெண்பாறை
25 ஜூன்

குழலி,

உடம்பு நல்லா இருக்கு. மத்தது எதுவும் நல்லா இல்ல.

வெட்டிட்டாங்க. ஒன்பதுல ஏழு. ரெண்டு பொண்ணு மரமும் போச்சு. நிக்கிறது ரெண்டும் ஆம்பளை. பேட்டரி ரம்பம் வெச்சு ஒரே காலையில முடிச்சிருக்காங்க. ஆடு மேய்க்கிறவர் பாத்திருக்கார். மூணு பசங்க போனைக் கையில வெச்சுப் பாத்துக்கினே நேரா மேல ஏறினாங்களாம். யாரையும் வழி கேக்கல. முள்ளுவேலிய ஓரமா நகத்தி வெச்சுட்டு வெட்டியிருக்காங்க.

அந்த எடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தன், அம்மாவாசை ஒருத்தன். அவன் பொண்ணுகிட்ட போன் இருக்கு, அதுல எடத்தை அனுப்பிக் காசு வாங்கியிருப்பான்றார் ஃபாரஸ்ட் ரேஞ்சர். மேடமும் எழுதிக் குடுத்துடுன்னு சொல்லிட்டாங்க. நான் நேராப் போய்க் கேட்டேன். "நான் ஏன்டா தம்பி அதைப் பண்ணப்போறேன்"ன்னான். அந்த முகத்தைப் பாக்க முடியல. நம்பவும் முடியல.

பத்தாம் தேதி ரேஞ்ச் ஆபீஸ்ல அவன் மேல வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அங்கேர்ந்து நம்பர் வெளிய போவாதுன்னு எழுதின. இன்னொரு தடவை நல்லாப் பாத்து எழுது. உன் பதில் வந்தப்புறம்தான் போடுவேன்.

கட்டோட சேத்து மேல ஒரு டிபன் டப்பா கட்டியிருக்கேன். விழுந்த மரத்துலேர்ந்து பொறுக்கின காய் பதினொண்ணும் இருக்கு. பழுக்க ஒரு வாரம்தான் பாக்கி. ஃப்ரீஸர்ல வெச்சுடாத. மிச்சம் இருக்கறது இது மட்டும்தான்.

அண்ணன்


முத்தியால்பேட்டை
1 ஜூலை
(அனுப்பாதது)

அண்ணா,

நலம் விசாரித்து ஆரம்பிக்க முடியவில்லை.

கட்டு 27ஆம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் வந்தது. டப்பாவைப் பார்த்ததும் அங்கேயே நின்று மேலட்டையைத் தூக்கி உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். மறுநாள் கட்டை ஃப்ரீஸரில் வைத்தேன். டப்பாவை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். காய்களைப் பிளந்து விதைகளை மாடியில் உடைந்த பக்கெட்டில் ஊன்றியிருக்கிறேன்.

ஃபஹீமிடம் நம் நாலு தாளையும் திறக்கச் சொன்னேன். மார்ச்சில் நான் பார்த்தது கருங்காலித் தாள். நம் தாளைப் பார்க்கவில்லை. நம் தாளில் மாவட்டம் இருந்தது. ஊர் இருந்தது. நம்பர் இருந்தது, புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம். அமுக்கினால் வரைபடம் திறந்து சிவப்புக் குண்டூசி நிற்கிறது. அங்கிருந்து எந்தப் பையனும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஏறலாம்.

ஃபஹீம் அழியும் மரங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தான். பிறகு, "லிஸ்ட்ல பேர் இருந்தாதான் மறைக்கும் குழலி. உன் மரத்துக்குப் பேரே இல்ல. மிஷினுக்கு இன்னா தெரியும், ஏதோ ஒரு செடின்னு காட்டிடுச்சு" என்றான். இரண்டு நிமிடத்தில் மறைத்துக் கொடுத்தான். இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

நீ எழுதிய தப்பான பெயரை அப்படியே விட்டிருந்தால் நம்பர் மறைந்திருக்கும். நான் சரியாக இருக்க ஆசைப்பட்டு அதை அழித்தேன். அதற்குப் பிறகு நம் தாளைத் திறந்து பார்க்காமலே உனக்கு வாக்குக் கொடுத்தேன். நீ அதை அம்மாவாசை அண்ணனிடம் போய்ச் சொன்னாய்.

போன கடிதம் வரை அவரை 'அண்ணன்', 'அவர்' என்று எழுதினாய். இதில் 'அவன்' என்று எழுதியிருக்கிறாய்.

நாவல்களில் உண்மையைச் சொல்லாமல் இழுக்கிறவர்கள் வரும்போது, ஒரு வரி சொல்லித் தொலைத்தால் என்ன என்று எரிச்சலோடு பக்கத்தைத் திருப்புவேன். அந்த ஒரு வரி இதோ இருக்கிறது. காண்ட்ராக்ட் ஃபைல் இந்த வாரம் மேடத்தின் மேஜைக்குப் போகிறது. அம்மாவுக்கு ஆகஸ்டில் ஆபரேஷன் என்கிறார்கள். நாளைக்கு அனுப்புகிறேன்.

குழலி


முத்தியால்பேட்டை
15 ஜூலை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மா உன்னைக் கேட்டபடி இருக்கிறார்.

கட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஃப்ரீஸருக்குப் போய்விட்டது. அன்று நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பத்து நாள் முடிந்தும் மற்றக் கட்டுகளோடு கிடந்தது, இன்றுதான் திறந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். டப்பாவும் உள்ளேயே இருந்தது. காய்கள் கறுத்துப்போய்விட்டன.

நீ சொன்ன பத்தாம் தேதியும் தாண்டிவிட்டது. எதுவாக இருந்தாலும் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுக்கும் முன் யோசித்திருப்பாய்.

மழை பெய்தால் முகாமில் ஒழுகுமே, தார்ப்பாய் அனுப்பட்டுமா?

குழலி


வெண்பாறை
22 ஜூலை

குழலிக்கு,

எழுதி ரெண்டு நாளா கிழிச்சுக் கிழிச்சுப் போட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குடுத்தா உடனே சொல்லு, வந்துடறேன்.

எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் கீழ எறங்கி போஸ்ட் ஆபீஸ்ல கேட்டேன். உன் கடிதாசு வரல. உன்கிட்ட போன் இல்ல, ஆபீஸ் போன்ல கூப்புடலாம்னா மேடம் எடுப்பாங்க. வெளிய போயிருந்தா குழலி எப்பவோ ஆள் அனுப்பியிருப்பான்னு நெனச்சு பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கே கூட்டிக்கினு போயிட்டாங்க. கிளைச் சிறையில இருக்கார்.

காய் போனதுக்கு உன்னைத் திட்டமாட்டேன். அந்த டப்பாவை பஸ்ல ஏத்தாம நானே கொண்டாந்திருக்கணும். என் தப்பு.

நேத்து மாலா வந்தா. அழல. "எங்கப்பா அந்த எடத்த உங்களுக்குத்தான காட்டினாரு?"ன்னு மட்டும் கேட்டா. அப்புறம் ஒரு காகிதத்தை நீட்டினா. நர்சிங் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. ஆகஸ்டு ரெண்டாம் தேதிக்குள்ள அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். அம்மா இல்லாத பொண்ணு. "உங்கப்பன் பண்ணதுக்கு நான் இன்னா பண்ண முடியும்"ன்னு சொல்லிட்டேன்.

உன் கடிதாசைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நம்பர் வெளிய போச்சா இல்லையான்னு நான் கேட்டதுக்கு மட்டும் நீ பதிலே எழுதல. மறந்துட்டியா? ரெண்டு வரி எழுது. என் மனசு ஆறும்.

அண்ணன்


முத்தியால்பேட்டை
30 ஜூலை

அண்ணா,

மறக்கவில்லை.

நம்பர் இங்கிருந்துதான் வெளியே போனது. பெயர் இல்லாத மரத்தை எங்கள் இணையதளம் மறைக்காது. பெயரை அழித்தது நான். சரிபார்க்காமல் உனக்கு வாக்குக் கொடுத்ததும் நான். உன் கடிதத்தை ஜூன் 27ஆம் தேதியே படித்துவிட்டேன். ஃப்ரீஸரில் இருந்தது என்று எழுதியது பொய். ஜூலை ஒன்றாம் தேதி உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்ததையும் இதோடு சேர்த்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது.

காய்கள் கறுக்கவில்லை. மாடியில் ஆறு முளைத்திருக்கின்றன. முளைத்தது என்று எழுதினால் கடிதத்தை அன்றே படித்தேன் என்று ஆகிவிடும். அதனால் எழுதவில்லை. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கும்போது, இதை உன்னிடம் சொல்ல முடியாதபடி நானே செய்துகொண்டேன் என்று நினைப்பேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாயால சொன்னதோட இருக்கட்டும், எழுத்துல குடுக்காத. காப்பகத்தோட பேரு கெட்டுடும்" என்றார். அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன். ஜூன் மாதத்தில் இணையதளத்தில் நம் தாளை யார் யார் திறந்தார்கள் என்ற பதிவை ஃபஹீம் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறான். "எனக்கும் வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் பீச்ல சுண்டல் விக்கலாம்" என்றான்.

இந்தக் கடிதத்தையும் அந்தப் பதிவையும் ரேஞ்ச் ஆபீஸில் கொடு. தபாலில் போட்டால் தாமதமாகும். கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நானே வந்திருக்கலாம். உன் முன்னால் நிற்கத் தைரியம் இல்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் சொல்வேன்.

குழலி


கடிதம் மூன்று பஸ் மாறி ஆகஸ்டு ஒன்றாம் தேதி மதியம் அண்ணன் கைக்குப் போனது. அன்றே அவன் அதை ரேஞ்ச் ஆபீஸில் கொடுத்துத் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றான். அடுத்த நாள் மாஜிஸ்ட்ரேட் விடுமுறை, கோர்ட்டு இல்லை. அதற்கடுத்து சனி, ஞாயிறு. அம்மாவாசை அண்ணன் ஆறாம் தேதி வெளியே வந்தார். என் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. ஃபஹீம் வேலையில் இருக்கிறான்.

அண்ணன் எனக்குப் பதில் எழுதவில்லை. செப்டம்பரில் வந்து, வாசலிலேயே நின்று அம்மாவிடம் பேசிவிட்டு, ஆறு செடிகளையும் எடுத்துக்கொண்டு போனான்.

மாலாவின் இடம் இரண்டாம் தேதி மாலையோடு வேறொரு பெண்ணுக்குப் போனது. அவள் இப்போது அடிவாரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள்.